மருமகள் போட்ட பூட்டு

"அண்ணி, ஃப்ரிட்ஜுக்கு எதுக்குப் பூட்டு?"

சமையலறை வாசலில் நின்றபடி மகள் கேட்டாள். ஆறு மாதம் கழித்துப் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

மருமகள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "சும்மாதான்."

"சும்மா யாராவது பூட்டுவாங்களா? அலமாரியிலயும் ஒண்ணு தொங்குது!"

கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. அப்பா எழுந்து வந்தார். நாற்பது வருஷமாகத் துணி வெட்டித் தைக்கிறவர். மகளைப் பார்த்துச் சிரித்தவர், அவள் கையிலிருந்த கேக் பெட்டியைப் பார்த்ததும் அதிலேயே கண்ணை வைத்தார்.

"உங்களுக்குத்தாம்ப்பா" என்று நீட்டினாள்.

அவர் கை அதைத் தொடுவதற்குள் மருமகள் பாய்ந்து வந்து வாங்கினாள். பெட்டி ஃப்ரிட்ஜுக்குள் போனது. பூட்டும் விழுந்தது.

"மாமாவுக்கு வேணாம். ஏற்கெனவே பன்னிரண்டு கிலோ ஏறிட்டாரு."

"எங்கப்பா சாப்பிடறதைத் தராசுல வச்சுப் பார்க்கிறீங்களா? பெத்த பொண்ணு ஆசையா வாங்கிட்டு வந்ததைக்கூட அவர் தொடக் கூடாதா?"

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமனாரைப் பார்த்தாள். அப்படியே அடக்கிக்கொண்டாள்.

"பதில் சொல்லுங்க அண்ணி! அண்ணனுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"ஓஹோ, ரெண்டு பேரும் சேர்ந்துதானா!" மகளுக்குக் குரல் உடைந்தது. "அப்பா, கிளம்புங்க. என்கூட வந்துடுங்க. என் வீட்ல சாப்பாட்டுக்குப் பூட்டு கிடையாது."

மருமகள் பதறிப்போனாள். "ஐயோ, அது மட்டும் வேணாம்! அவரைக் கூட்டிட்டுப் போகாதே!"

"ஏன், நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்னு பயமா? உங்க அப்பாவா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

மருமகளின் கண் கலங்கியது.

மகள் விறுவிறுவென்று அறைக்குள் போனாள். அப்பாவின் சட்டைகளை அள்ளிப் பையில் திணித்தாள். மேஜை மேலிருந்த மாத்திரை அட்டையை எடுத்தபோது அப்பா குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்தார்.

"போதும்மா. எல்லாம் இந்த மாத்திரையாலதான்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"கை நடுக்கத்துக்கு டாக்டர் கொடுத்தது. மூளையில டோபமின்னு ஒண்ணு குறைஞ்சா கை நடுங்குமாம். அது செய்ய வேண்டிய வேலையை இந்த மாத்திரை செய்யுது. மறுபடியும் ஊசியில நூல் கோத்தேன், தெரியுமா? ஆனா அதே டோபமின்தான் ஆசையையும் கிளப்புமாம். சில பேருக்கு இப்படி ஆயிடுமாம். வயிறு முட்ட சாப்பிட்டாலும் மூளை 'இன்னும், இன்னும்'ங்குது. ஒரு நாள் சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணிட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு நின்னேன். உங்க அண்ணி பார்த்துட்டா. டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும்னுட்டாரு. அதுவரைக்கும் என் கை என் பேச்சைக் கேட்காதும்மா."

மகள் மாத்திரை அட்டையை மறுபடியும் மேஜை மேலேயே வைத்தாள்.

"இதை அண்ணி என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"பூட்டு போடச் சொன்னதும் நான்தான். 'திருடித் திங்கிற அப்பான்னு என் பொண்ணுக்குத் தெரிய வேணாம், கேட்டா பழியை நீயே ஏத்துக்கம்மா'ன்னு அவகிட்டக் கெஞ்சினதும் நான்தான்."