பக்கம் திருப்புகிறவள்

ஒரே தாளை இரண்டு வயலின்காரர்கள் பார்த்து வாசிக்கும்போது, மேடையின் உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் வில்லை இறக்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். பிலோமினா எப்போதும் உள்பக்கம். ஜெரால்டு எழுதி, தானே இசைக்குழுவை நடத்தும் இந்தச் சிறிய இசைக்கோவையில், ஒரு கவிதையின் கடைசி வரி வயலின்களில் எழும் இடத்தில்தான் ஒரு பக்கம் முடிகிறது; அந்த வரியை மட்டும் அவள் வாசிக்க முடியாது. பாட வார்த்தைகள் கிடையாது. அழைப்பிதழில் 'ஒரு கவிதையைத் தழுவியது' என்று மட்டும் போட்டிருந்தார்கள். கவிதை அவளுடையது. அவனுக்காக எழுதியது. கடைசி வரி ஒரு கேள்வி. அவன் அதற்குப் பதில் சொன்னதே இல்லை.

"அக்கா, ஒத்திகை பூரா காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க. இடம் மாத்திக்கலாமா?" என்று பக்கத்து நாற்காலி சகாயம் கேட்டான்.

"யாரு எங்க உக்காரணும்னு ஜெரால்டுதான சொன்னாரு."

கச்சேரியில் அந்த வரி நெருங்கியது. அவள் வில்லை இறக்கவில்லை.

"அக்கா, பக்கம்!"

வாசித்தாள். மெல்ல வாசிக்கச் சொல்லி ஜெரால்டு குறித்திருந்த வரியை, தான் கவிதையை எழுதிய இரவில் இருந்த பதைப்போடு வாசித்தாள். சகாயத்தின் வில் பாதியில் நின்றது. வரி முடிந்தது. அடுத்த அடிக்காக உயர்ந்த ஜெரால்டின் கை இறங்கவில்லை. இசைக்குழு முழுவதும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்க, அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிலோமினா அப்போதுதான் வில்லை இறக்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.