பல்லுப் பந்தயம்

"இந்தப் பல்லை வெச்சிகினு வெண்டைக்காகூட அறுக்க முடியாது."

குமாரசுவாமி போட்ட சத்தத்தில், ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் அவருடைய மர அறுவை மில். வட்ட ரம்பத்தின் விளிம்பில் ஒவ்வொரு பல்லாகச் சொருகியிருக்கும். தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு பல் போட வேண்டும். அந்த மாற்றுப் பல்தான் இப்போது மகா மட்டமாம்.

திட்டு வாங்கியவன் கிருஷ்ணன். பல் விற்கும் பட்டணத்துக் கம்பெனியின் ஆள்.

"யுத்தத்துக்கு முந்தி வந்த பல்லு மூணு மாசம் உழைச்சுது. இப்ப மூணு நாள்ல உதிருது. வெளியே மினுமினுப்பு, உள்ளே மோசம். நாணயம்னு ஒண்ணு இருக்குதாய்யா உங்களுக்கு?"

"இரும்பு முன்ன மாதிரி இல்லதாங்க. ஆனா மூணு நாள்ல போவாதுங்க. புதுப் பல்லு கொண்டாந்திருக்கேன், போட்டுப் பாருங்க."

"பந்தயமா? இந்த மரத்தை அறுத்து முடிக்கிறதுக்குள்ள ஒரு பல்லு விழுந்தாலும், 'எங்க சரக்கு குப்பை'ன்னு உன் கைப்பட எழுதித் தரணும்."

எழுதினால் வேலை போய்விடும். ஆனாலும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டான் கிருஷ்ணன்.

நடுவர் சிவப்பிரகாசம். குமாரசுவாமி மனைவியின் தம்பி; ஊரில் இன்னொரு மில் வைத்திருப்பவர். அறுக்கப்போகும் புளியமரமும் அவர் மில் வாசலில் நின்றதுதான். மழையில் சாய்ந்ததும், தன் ரம்பத்துக்குப் பெரிது என்று அக்கா புருஷனான பாவாவுக்கே கொடுத்துவிட்டார்.

என்ஜின் கிளம்பியது. ரம்பக்காரர் பெருமாள் மரத்தைத் தள்ளினார். கூட்டம் கண் கொட்டவில்லை. கால்வாசி ஆயிற்று. பாதி ஆயிற்று. முக்காலும் தாண்டியபோது கிருஷ்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டங்கென்று ஒரு சத்தம். பல் பறந்துபோய்க் கூரைத் தகரத்தில் அடித்தது.

குமாரசுவாமி குதித்தேவிட்டார். "பாத்தியா? எடு பேப்பரை."

கிருஷ்ணன் பேனாவைத் திறந்தான்.

"இருங்க மொதலாளி" என்ற பெருமாள், என்ஜினை நிறுத்திவிட்டு உளியால் மரத்தைப் பிளந்தார். "பல்லு மேல தப்பில்ல. உள்ளே ஆணி இருக்குது."

விரல் நீள ஆணி. அதில் கோத்த ஒரு செப்புத் தகடு. எந்த மந்திரவாதியோ அடித்திருக்கிறான். பத்து வருஷத்தில் மரம் அதை மூடி வளர்ந்துவிட்டது.

"கண்டதையும் தொடாதீங்க. தூக்கிப் போடு அதை" என்று குமாரசுவாமி பாய்ந்தார்.

அதற்குள் கிருஷ்ணன், பிழைத்த சந்தோஷத்தில் தகட்டை உரக்கப் படிக்க ஆரம்பித்தான். "சிவப்பிரகாசம் மில்லு ரம்பத்துல பல்லெல்லாம் உதிரணும், மில்லு நிக்கணும். கீழே யாரோ வேண்டிக்கினவங்க பேரு..."

சிவப்பிரகாசம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யார் பேருங்க?" என்று கூட்டம் நெருக்கியது.

"தேஞ்சி போச்சிப்பா, ஒண்ணும் தெரியல. பந்தயத்துல பல்லுதான் ஜெயிச்சுது. போங்க, ரயிலு வந்துடும்."

கூட்டம் கலைந்தது. கிருஷ்ணன் பேனாவை மூடிக்கொண்டு முதல் ஆளாக ஸ்டேஷனுக்கு ஓடினான். குமாரசுவாமி மட்டும் வேர்த்துப்போய் நின்றார்.

சிவப்பிரகாசம் தகட்டை அவர் கையில் வைத்து, காதோடு சொன்னார்:

"அக்கா கண்ணுல படாம வெச்சிக்குங்க பாவா. உங்க பேரு பளிச்சினு இருக்குது."