கைக்கு வராத சீட்டு

இரவு எட்டு மணி. அரங்கில் அறுநூறு பேர். மேடை ஓரத்தில் மடியில் ஒரு மரப்பெட்டியோடு டோர்வால்ட்.

1908 மார்ச். விஸ்கான்சினில் ஒரு பல்கலைக்கழகம். ரயில் கம்பெனிகளை அரசே நடத்தலாமா என்று விவாதப் போட்டி.

நூலகத்தில் ஆதாரம் தேடிச் சீட்டுகளில் எழுதியவன் டோர்வால்ட்தான். ஆனால் நார்வே வாடை வீசும் அவன் உச்சரிப்பு மேடைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். பேசுகிறவன் கை நீட்டினால் பெட்டியிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

அவர்கள் அணியின் கடைசிப் பதிலுரை கிளிஃபோர்டுடையது. பிரஷ்யா நாட்டில் அரசே ரயில் நடத்துவதைப் பற்றிய பேச்சின் நடுவே பின்னால் கை நீட்டினான்.

"பிரஷ்யா சீட்டு!"

டோர்வால்ட் பெட்டிக்குள் பார்த்தான். மூடிவிட்டான்.

கிளிஃபோர்டு தடுமாறினான். மணி அடித்தது. மூன்று நடுவர்களில் இருவர் எதிரணிப் பக்கம்.

மறுநாள் விடுதியில் டோர்வால்ட் சாப்பிட உட்கார்ந்ததும் மேஜை காலியானது.

"தள்ளி வாங்கடா, பொறாமை ஒட்டிக்கும்!"

மதியம் விவாதச் சபை கூடியது.

"சீட்டை ஏன்டா குடுக்கல?"

"கைக்கு அகப்படல."

"இவன் எழுதின பெட்டி, இவனுக்கே அகப்படலையாம்!"

சிரிப்பு. அவனை நீக்க முப்பத்தெட்டு கைகள் உயர்ந்தன. தலைவர் நாற்காலியில் இருந்த கிளிஃபோர்டு, "நிறைவேறியது" என்றான்.

சாயங்காலம் அவனே டோர்வால்டின் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான்.

"அந்தச் சீட்டு எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன்."

"படிச்சியா?"

"படிக்காமயா? அது நான் எழுதினதே இல்ல, உன் கையெழுத்து. பிரஷ்யா ரயில் அறிக்கையில இருநூத்திப் பதினாலாம் பக்கம்னு போட்டிருந்த. அந்த அறிக்கையே மொத்தம் நூத்தித் தொண்ணூறு பக்கம்தான்டா. எதிரணி மேஜையில அதை வெச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க."

கிளிஃபோர்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் அதை மேடையில வாசிச்சிருந்தா என்னைக் காலேஜ விட்டே துரத்தியிருப்பாங்க."

"ஆமா."

"சபையில சொல்லியிருக்கலாமே?"

"நான் இங்க வந்த புதுசுல என்கூட உக்காந்து சாப்பிட்டவன் நீ ஒருத்தன்தான்."

கிளிஃபோர்டுக்குக் கண் கலங்கியது. "வெள்ளிக்கிழமை கூட்டத்துல நானே எந்திரிச்சு எல்லாத்தையும் சொல்லிடறேன். சத்தியமா."

வெள்ளிக்கிழமை டோர்வால்ட் முகம் மழித்து, வெளுத்த காலர் மாட்டி, அறையிலேயே உட்கார்ந்திருந்தான். கூப்பிட ஆள் வந்தால் உடனே கிளம்பலாம். படிக்கட்டில் இரண்டு முறை காலடிச் சத்தம் கேட்டது. இரண்டும் அடுத்த அறைக்குப் போயின.

அந்த மாதக் கடைசியில் அவன் படிப்பை விட்டு ஊருக்கு ரயிலேறினான். வழியனுப்ப யாரும் வரவில்லை.

1927 ஜூன் 14 அன்று நீதிபதி கிளிஃபோர்டு பீச்சம் அதே பல்கலைக்கழகத்தில் விவாதப் பதக்கங்களை வழங்கினார். ஒரு பொறாமைக்காரனால் தம் அணி தோற்ற கதையை மாணவர்களுக்குச் சொன்னார். அவனைத் தாம் அன்றே மன்னித்துவிட்டதாகவும் சொன்னார்.