முதல் பத்திரிகை

"உங்கப்பா செத்து நாலு வருசமாச்சுன்னுல்லா சொன்ன. இப்ப அவருக்குப் பத்திரிகை வைக்கணும்னு என்னை எங்க கூட்டிட்டு வந்திருக்க?"

இலஞ்சியில் அந்த வீட்டு முன்னால் பைக்கை நிறுத்தியதுமே கேட்டான் பாண்டி. அடுத்த மாதம் கல்யாணம். அப்பா தலையைத் தொட்டு ஆசீர்வதிக்காமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சுஜிதா ஒற்றைக்காலில் நின்றாள்.

"உள்ள வாங்க. இப்ப ஒண்ணும் கேக்காதீங்க," என்றாள்.

கதவைத் திறந்த கிறிஸ்டி, சுஜிதாவைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பின்னால் அவள் மகன் ஜோயல், முழுக்கைச் சட்டையில் கூச்சத்தோடு நின்றான். சுஜிதாவை விடச் சின்னவன். வீட்டில் வேறு ஆண் வாடையே இல்லை.

பாண்டி பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. அதாவது, டீக்கடையில் நாலு பேர் கூட இருக்கும்போது.

வெளியே சாரல். மத்தியானமே வீட்டுக்குள் இருட்டியிருந்தது. கிறிஸ்டி இலை போட்டுச் சோறும் மீனும் வைத்தாள்.

"உங்கப்பா எப்படிப்பட்ட ஆளு தாயி? எனக்குத் தெரிஞ்சாகணும்."

"தென்காசி மார்க்கெட்ல மூட்டை தூக்குனாவ. சீசன் நேரம் குத்தாலத்துல பாத்திரம் கழுவப் போவாவ. அம்மா இல்லாம என்னைய வளத்தாவ. ஒரு துண்டு மீன் கிடைச்சாலும் முள்ளெடுத்து எனக்கு வச்சிட்டு, கடையில தின்னுட்டேன்னு பொய் சொல்லுவாவ. நான் தூங்குற வரைக்கும் தட்டிக் கொடுப்பாவ."

கிறிஸ்டியின் கரண்டி அப்படியே நின்றது.

"இவனும் முள்ளெடுத்து என் தட்டுல தள்ளுதான். ஏம்ல தள்ளுதன்னா, நான் தள்ளலியேம்மாங்கான். தூக்கத்துல, பக்கத்துல பிள்ளை கிடக்க மாதிரி பாயைத் தட்டுதான். ஃபாதரைக் கூட்டிவந்து ஜெபமெல்லாம் பண்ணிட்டேன்."

ஜோயல் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் விரல்கள் மட்டும் மீனில் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தன. முள்ளெடுத்த துண்டு சுஜிதாவின் இலைக்கு வந்து விழுந்தது.

திடுக்கிட்டு நிமிர்ந்தான். "அக்கா, நான் வைக்கல."

"தெரியும்," என்று சொல்லி அதை எடுத்து வாயில் போட்டாள் சுஜிதா. கண்ணீர் இலையில் சொட்டியது.

பாண்டி பாதிச் சோற்றில் இலையை மூடினான். "சுஜி, கிளம்பு. இது நல்லதுக்கில்ல," என்று காதோடு கெஞ்சினான்.

அவள் கை கழுவிவிட்டு வந்து, வெற்றிலையோடு பத்திரிகையை ஜோயலின் முன் வைத்து மண்டியிட்டாள்.

"நான் ஒங்க தம்பி மாதிரிக்கா. என்னைப் போய்க் கும்பிடுதீங்க?"

"ஒன்னையக் கும்பிடலப்பா. நீ சும்மா இரு."

 பாண்டி வாசலைப் பார்த்து ஓரடி பின்வாங்கினான்.

ஜோயல் இரண்டு கைகளையும் அவள் தலைமேல் வைத்தான். சட்டைக்கை மேலேறியது. முன்கையைச் சுற்றி வளையமாகத் தையல் தழும்பு. அதற்கு மேலே ஜோயலின் வெளுத்த தோல். கீழே கறுத்த, நரம்பு புடைத்த கை. அதில் பச்சை குத்தியிருந்தது: சுஜிதா.

"கரண்டு அடிச்சு என் மவனுக்கு ரெண்டு கையும் போச்சுய்யா," என்றாள் கிறிஸ்டி பாண்டியிடம். "மூளைச்சாவுல கிடந்த தன் தகப்பன் கையை, இந்தப் பிள்ளதான் இவனுக்குக் குடுத்துச்சு."