நாலு மாதச் சண்டை

திண்டுக்கல்லில் வாடகை வீடுகளைப் பராமரிக்கும் தில்ஷாத்துக்கு அந்த வீடு பெரிய தலைவலி. அண்ணன் ராஜாங்கமும் தம்பி குருசாமியும் அதற்குச் சமபங்கு உரிமையாளர்கள். இருவர் சார்பிலும் முடிவெடுக்க ஆளுக்கொரு பிரதிநிதிச் செயலி இருந்தது. இரண்டும் சம்மதித்தால்தான் அங்கே ஓர் ஆணிகூட அடிக்க முடியும். மாடி ஒழுகத் தொடங்கி நாலு மாதமாகியும், ஒரு செயலி சொன்னதை மற்றது மறுத்துக்கொண்டே இருந்தது.

குடியிருந்த ஜெயசீலி பொறுமையிழந்தாள். "தொட்டிலுக்கு மேலயே சொட்டுதுக்கா. நாங்க காலி பண்ணிக்கிறோம்."

செயலிகளைத் தாண்டி உரிமையாளர்களை அழைக்கக் கூடாது என்பது விதி. தில்ஷாத் அதை மீறி இருவரையும் ஒரே அழைப்பில் பிடித்தாள்.

"ஒழுகுதா? எனக்குத் தெரியாதேம்மா" என்றார் ராஜாங்கம்.

"எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றார் குருசாமி. "நீ வேணாம்னு சொன்னியாண்ணே?"

"நான் எங்கடா சொன்னேன்?"

ஆறு வருடங்களுக்கு முன், பாகப்பிரிவினைத் தகராறில் அமர்த்திய செயலிகள் அவை. இவர்களுக்கு எப்போதோ ஆறிப்போன கோபத்தை அவை இன்னும் விடாமல் நடத்திக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை இருவரும் மாடியில் நின்றார்கள். தளம் முழுக்கத் தட்டு ஓடு பதிக்க வேண்டும் என்றார் அண்ணன். நீர் கசியாத பூச்சே போதும் என்றார் தம்பி. குரல்கள் உயர, கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"செயலிங்களையே பேசச் சொல்லட்டுமா?" என்று தில்ஷாத் தயங்கிக் கேட்டாள்.

"வேணாம்மா" என்று ராஜாங்கம் தம்பியின் தோளில் கைபோட்டார். "எங்க சண்டைய நாங்களே போட்டுக்கிறோம். ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்."

டீ வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.