எஸ்தரின் டார்ச்

தெருவின் முதல் டிவி மில் மேனேஜர் வீட்டுக்கு வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தியேட்டர் காற்று வாங்கியது. ஒரு ஞாயிறன்று ஆளில்லாமல் காட்சியையே நிறுத்திவிட்டார்கள். அங்கே பெண்கள் பக்கம் டார்ச் அடித்து இடம் காட்டும் எஸ்தரும் மேனேஜர் வீட்டுக்கே படம் பார்க்கப் போனாள், காக்கிக் கோட்டைக்கூடக் கழற்றாமல். சன்னல் சாத்திய கூடத்தில் ஒருவர் மேல் ஒருவராக இருட்டில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலில் நின்று டார்ச்சைத் தாழ்த்தி அடித்தாள். "கைக்குழந்தைக்காரங்க ஓரமா வாங்க. உசரமானவங்க செவத்துப் பக்கம்." வெளிச்சம் காட்டிய இடத்துக்கு எல்லோரும் பேசாமல் நகர்ந்தார்கள். அங்கிருந்த ஒரே நாற்காலியில் ஒரு நிறைமாதக்காரியை உட்காரவைத்தாள். படம் தொடங்கிய பிறகுதான் மேனேஜர் வந்தார். தன் நாற்காலியைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார். டார்ச் வெளிச்சம் அவர் முகத்துக்குப் போகவில்லை. காலடியில் விழுந்து, மெல்ல நகர்ந்து, முன்வரிசைத் தரையில் ஓர் ஆள் உட்காரும் இடத்தில் போய் நின்றது. "மறைக்குது சார்." அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எஸ்தர் டார்ச்சை அணைத்தாள். மேனேஜரின் மனைவி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "நீயும் உக்காரேன்" என்றாள். "டூட்டில நான் உக்கார்றதில்லைம்மா" என்றாள் எஸ்தர்.