ஒரே இடத்தில் மாற்றினால் போதும்

"ஒரே இடத்துலதான் கை வச்சேன், எல்லா வார்டும் கப்சிப்னு ஆயிடுச்சு பாரு" என்று பக்கத்து மேஜைக்காரியிடம் அவள் பீற்றிக்கொண்டிருந்தபோதுதான் தங்கையிடமிருந்து போன் வந்தது.

பீற்றிக்கொள்ள நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குப் பக்கத்தில் நிற்கும் மானிட்டர்களுக்கு கம்ப்யூட்டர் கோட் எழுதுவது அவள் வேலை. தூக்கத்தில் நோயாளி புரண்டு படுத்து வயர் நழுவினாலே போதும், மூச்சு நின்றுவிட்டதென்று அவை கத்தி ஊரைக் கூட்டும். நர்ஸுகள் புலம்பித் தீர்த்துவிட்டார்கள்.

எல்லா மானிட்டருக்கும் பொதுவான கோட் இருக்கும் பகுதிக்குத் தாய் கிளாஸ் என்று பெயர். அதைத் திறந்து அவள் ஒரே ஒரு வரியை மாற்றினாள். மூச்சு தெரியாவிட்டால் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார், அப்புறம் கத்து.

தாய் கிளாஸில் எழுதியது, ஒவ்வொரு வகை மானிட்டருக்கும் தனியாக உள்ள பிள்ளை கிளாஸ்களுக்கெல்லாம் தானாகவே போய்விடும். பிள்ளை தனக்கென்று வேறு மாதிரி எழுதிவைத்திருந்தால் மட்டும்தான் போகாது. இன்று காலையில் அந்த வரி எல்லாக் கட்டிலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆபீஸில் அவளுக்குத் துடைப்பம் என்று பட்டப்பெயர். ஒரே விஷயத்தை யாராவது இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் அவளுக்குப் பொறுக்காது. ஒன்றைப் பெருக்கித் தள்ளினால்தான் சாப்பாடே இறங்கும்.

தங்கையின் குரலில் சிரிப்பு. குறைமாதத்தில் பிறந்த குழந்தையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியே கதியென்று கிடப்பவள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

"அக்கா, காலையிலேருந்து உங்க மெஷின் ஒரு தடவைகூட கத்தலைக்கா! பாப்பா அசையாம தூங்கறா."

அப்பாடா என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, மெஷின் ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

குறைமாதக் குழந்தை அடிக்கடி மூச்சுவிட மறந்துபோகும். மெஷின் கத்தும். நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டுவாள். குழந்தை மறுபடி மூச்சு விடும். இத்தனை நாளும் அந்த உயிர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பச்சைக்குழந்தை மானிட்டருக்கான கிளாஸும் அதே தாய் கிளாஸின் பிள்ளைதான். துளியும் பொறுக்காதே, உடனே கத்து என்று அதில் தனியாக ஒரு வரி இருந்தது. போன மாதம் தாய் கிளாஸிலும் அதே வரிதான் இருந்தது. ஒரே விஷயம் எதற்கு இரண்டு இடத்தில் என்று பிள்ளையில் இருந்ததைப் பெருக்கித் தள்ளியது யார்? அவளேதான். ஐயோ!



"காலைச் சுண்டுடி! நர்ஸைக் கூப்பிடு! காலைச் சுண்டு!"

அவள் போட்ட கூச்சலில் ஆபீஸே எழுந்து நின்றது.

போனில் ஏதோ கீழே விழுந்த சத்தம். யாரோ ஓடினார்கள். யாரோ யாரையோ அதட்டினார்கள். அப்புறம் வீல் என்று ஒரு குழந்தையின் அழுகை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழு கண்ணே, நல்லா அழு என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு விம்மினாள். பக்கத்து மேஜைக்காரிக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

"அக்கா" என்றாள் தங்கை, மெதுவாக. "அழறது பக்கத்து பெட் பாப்பாக்கா."